“இவ்வளவு படிச்சவர் இதை எப்படி நம்புறார்?” – சதிக்கோட்பாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்து விழும். நாலு பேர் கும்பிடு போடுவார்கள், ஒருவர் சண்டைக்குப் போவார், இருவர் குரூப்பை விட்டே வெளியேறுவார்கள். அதற்குப் பிறகு எழுகிற சந்தேகங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே இருக்கின்றன.

சதிக்கோட்பாடுன்னா என்ன? வதந்தியும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. “நாளை முதல் மூணு நாள் பெட்ரோல் கிடைக்காது” என்பது வதந்தி. “சில பேர் ரகசியமாகக் கூடி, நமக்குக் கெடுதல் செய்யத் திட்டம் போட்டு, அதை மூடி மறைக்கிறார்கள்” என்ற கதை சேர்ந்தால்தான் அது சதிக்கோட்பாடு. ரகசியக் கூட்டம், கெட்ட நோக்கம், மூடிமறைப்பு ஆகிய மூன்றும் அதில் இருக்கும்.

எதிர் ஆதாரத்தைக் காட்டினால் வித்தியாசம் தெரியும். மூன்று நாளும் பங்க் திறந்திருந்தால் வதந்தி செத்துப்போகும். சதிக்கோட்பாடு அந்த ஆதாரத்தையும் சாப்பிட்டுக் கொழுக்கும்: “அப்படித்தான் காட்டுவாங்க, அவங்க ஆளுங்கதானே!” மூடிமறைப்பு கதையிலேயே அடங்கியிருப்பதால் எந்த மறுப்பும் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

படிக்காதவங்கதானே இதையெல்லாம் நம்புறது?

படிப்பு கூடக்கூட நம்பிக்கை கொஞ்சம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தக் “கொஞ்சம்” யாரையும் காப்பாற்றுகிற அளவு இல்லை. தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது தெருமுனைப் பேச்சு அல்ல. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டன் மருத்துவர், 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை ‘தி லான்செட்’ இதழில் வெளியானது. 2010-ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். கிளப்பிவிட்ட பயம் மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது.

படித்தவருக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. ஏற்கெனவே முடிவு செய்ததற்கு நல்ல வாதம் கட்டத் தெரியும், கட்டுரைகளைத் தேடி எடுக்கத் தெரியும். வக்கீல் புத்தி இருக்கிறவர் தன் மனசுக்கே வக்காலத்து வாங்கிவிடுகிறார்.

பின்னே எதுக்குத்தான் நம்புறாங்க?

கென்ட் பல்கலைக்கழகத்தின் கேரன் டக்ளஸும் உடன் பணியாற்றியவர்களும் 2017-ல் இதை மூன்று தேவைகளாகப் பிரித்தார்கள். நடந்ததற்கு ஒரு விளக்கம் வேண்டும். நம் பாதுகாப்பு நம் கையில் இருப்பதாகத் தோன்ற வேண்டும். நானும் என்னைச் சேர்ந்தவர்களும் மதிப்பானவர்கள் என்ற உணர்வு வேண்டும். முதல் இரண்டும் எளிதில் புரியும். கொரோனா ஊரடங்கில் வேலை போய், வருமானம் நின்று, எதிரி கண்ணுக்கே தெரியாத வைரஸாக இருந்தபோது “இது இன்னாருடைய திட்டம்” என்ற கதை ஒருவிதத்தில் ஆறுதல்தான். திட்டம் போட்டவன் இருந்தால் கோபப்படவாவது ஒரு முகம் கிடைக்கும்.

பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் தேடுவதும் மனசின் பழக்கம். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டு இறந்தார், சதிக் கதைகள் இன்னும் ஓயவில்லை. 1981-ல் அதிபர் ரீகன் சுடப்பட்டுப் பிழைத்துக்கொண்டார். அதைச் சுற்றி அந்த அளவுக்குக் கதைகள் கிளம்பவே இல்லை.

மூன்றாவது தேவையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வாதாடுகிறவர்கள் தோற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கூட்டத்தோட சேர்ந்திருக்கணும்ங்கிற ஆசைக்கும் “பூமி தட்டை”ங்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

தட்டை பூமியை நம்புவதால் ஒரு பைசா லாபம் கிடையாது. அதனாலேயே இதைப் பார்க்க அது நல்ல உதாரணம். சேருகிறவருக்கு மாநாடு, யூடியூப் நேரலை, பட்டப்பெயர், “நமக்கு மட்டும் தெரியும்” என்ற பெருமை எல்லாம் கிடைக்கின்றன. வெளியே கிறுக்கன் என்பார்கள், உள்ளே கண் திறந்தவன் என்பார்கள். வெளியே கேலி கூடக்கூட உள்ளே பிடிப்பும் கூடும்.

ஒதுக்கப்படுவது எவ்வளவு சீக்கிரம் வலிக்கும் என்பதைக் கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் ‘சைபர்பால்’ சோதனை காட்டியது. திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவார்கள், சிறிது நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்கு எறிவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. எதிரில் இருப்பது மனிதர்கள் இல்லை, கணினி நிரல் என்று சொல்லிவிட்டாலும் வலித்தது. ஒதுக்குகிறவர்கள், விளையாடுபவர் வெறுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்றாலும் வலித்தது. 2017-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று அடுத்த படியைப் பார்த்தது: சக மாணவர்கள் தங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேள்விப்பட்டவர்கள் சதிக்கதைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தலையாட்டினார்கள். சிறிய ஆய்வுதான். தனிமையில் இருக்கும் எல்லாரும் இதில் விழுவார்கள் என்று அதை நீட்டக் கூடாது. ஆனால் ஒருவர் எப்போது இதில் இறங்கினார் என்று பாருங்கள்: ஓய்வு பெற்ற வருடமா, துணையை இழந்த வருடமா, வெளியூர் போய்த் தனியாக இருந்த வருடமா? பல வீடுகளில் விடை அங்கே கிடைக்கும்.

ஆதாரத்தைக் கண்ணாலேயே பாத்துட்டா மாறிடுவாங்க இல்லையா?

2024 டிசம்பரில் இது நடந்தே பார்க்கப்பட்டது. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த வில் டஃபி என்ற பாதிரியார், பூமி தட்டை என்பவர்களையும் உருண்டை என்பவர்களையும் அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். தட்டை பூமி வரைபடத்தில் அண்டார்டிகா தட்டின் விளிம்பைச் சுற்றி நிற்கும் பனிச்சுவர், சூரியன் நடுவில் வட்டமிடுகிற விளக்கு. அந்தப் படம் சரியென்றால் அங்கே 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் வானத்தைச் சுற்றிவர முடியாது. போனவர்கள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். சூரியன் மறையவில்லை.

அவர்களில் ஒருவர் ஜெரன் காம்பனெல்லா, தட்டை பூமிக்காரர்களிடையே பிரபலமான யூடியூபர். 24 மணி நேரச் சூரியன் உண்மைதான், இதில் தான் நினைத்தது தவறு என்று கேமரா முன்னாலேயே ஒப்புக்கொண்டார். ஊரில் இருந்த கூட்டம் அவரைக் கொண்டாடவில்லை. விலை போய்விட்டார், படப்பிடிப்புத் தளத்தில் எடுத்தது என்று பேச்சு கிளம்பியது. ஆதாரத்தைப் பார்த்தவர் ஓரளவு மாறினார், பார்க்காத கூட்டம் அவரைத்தான் மாற்றிப் பேசியது. ஒருவர் மனசு மாறினால் அவர் கொடுக்க வேண்டிய விலை இது.

அப்போ உள்ளுக்குள்ள தெரிஞ்சும் நடிக்கிறாங்களா?

சிலர், குறிப்பாக இதில் வியாபாரம் செய்கிறவர்கள், நடிக்கலாம். பெரும்பாலோர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. 1950-களில் சாலமன் ஆஷ் நடத்திய கோடு சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டுக்குச் சமமான கோட்டை மூன்றில் இருந்து காட்ட வேண்டும். குழந்தைக்கும் தெரியும் விடை. அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும், ஏற்கெனவே சொல்லிவைத்தபடி, தவறான கோட்டைக் காட்டினார்கள். நெருக்கடி வந்த சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலான பதில்கள் கூட்டத்தோடு போயின. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது வழுக்கினார்கள்.

பிறகு கேட்டபோது சிலர் “தனித்துத் தெரிய விரும்பவில்லை” என்றார்கள். வேறு சிலர் “என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்” என்றார்கள். இரண்டாவது பதிலில் நடிப்பே இல்லை. இதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. கூட்டத்துக்கு மாறாக நீங்கள் சொல்லும் ஒற்றை வரி ஏன் வீண் இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே மாரடைப்பு வந்துச்சே. அதையும் தற்செயல்னு சொல்வீங்களா?

2021 ஏப்ரல் 15-ல் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ல் இறந்தார். இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டிருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அது ஒரே நாளில் உருவாவதில்லை. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மத்தியக் குழுவும் பின்னர் தொடர்பில்லை என்றே முடிவு செய்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புரிவதற்காக மட்டும் வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு கோடிப் பேரில் வருடத்துக்கு 36,500 பேருக்கு மாரடைப்பு வருகிறது என்றால், நாளைக்கு 100 பேர். அந்த ஒரு கோடிப் பேருக்கும் ஊசி போட்டால், ஊசி வெறும் தண்ணீராகவே இருந்தாலும், “போட்ட மறுநாளே” என்று சொல்ல 100 பேர் இருப்பார்கள். ஆகவே ஊசிக்குப் பிறகு யாருக்காவது வந்ததா என்று கேட்டுப் பயனில்லை. ஊசி போட்டவர்களில், வழக்கமாக வருவதைவிட அதிகம் பேருக்கு வந்ததா என்று கேட்க வேண்டும். எல்லாருக்கும் பிடித்த ஒரு மனிதரை இழந்த துக்கத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அதில் குற்றமும் இல்லை.

உண்மையாவே சதி நடந்ததே இல்லையா? அரசாங்கம் சொல்றதை அப்படியே நம்பணுமா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி (சிபிலிஸ்) நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. 2011-ல் பின்லேடனைத் தேடிய சிஐஏ, பாகிஸ்தானின் அபோட்டாபாதில் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி முகாம் என்ற பெயரில் உளவு பார்த்தது. அதன் பின் போலியோ சொட்டு மருந்து போட வந்தவர்களை அங்கே சந்தேகித்தவர்களை முட்டாள் என்று சொல்லிவிட முடியுமா?

நிஜச் சதிகள் எப்படி வெளிவந்தன என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருந்த ஒருவர், கையில் ஆவணத்துடன், ஒரு நிருபரிடம் போனார். டஸ்கிகீயை வெளிக்கொண்டுவந்தவர் அதே சுகாதாரத் துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன். நிஜச் சதியில் நோக்கம் குறுகியது, ஆட்கள் கொஞ்சம், தேதியும் கையெழுத்தும் இருக்கும். “உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும், எல்லா நாட்டு அரசும், 70 வருடமாக, ஒருவர்கூட உளறாமல்” என்று கதை விரிந்தால் சந்தேகப்படுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பிறந்தநாள் விருந்தை ரகசியமாக வைக்க முடியாத வீடுகள்தான் நம் வீடுகள்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்கு தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் தயங்கினார்கள், முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. அதில் முழுப் பழியையும் பெற்றோர் மேல் போடக் கூடாது. பிள்ளைக்குப் பள்ளியில் ஊசி போடப்போகிறார்கள், கேள்விப்படாத ஊசி, ஏன் என்று பொறுமையாகச் சொல்ல ஆளில்லை என்றால் அந்த இடைவெளியை ஃபார்வர்டுதான் நிரப்பும்.

நேதாஜி சாகலைன்னு நம்பினவங்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீங்களா?

சேர்க்கலாம், ஆனால் கேலி செய்ய முடியாது. 1945 ஆகஸ்ட் 18, தைவானில் விமான விபத்து. போர் முடிந்த குழப்பம், உடலைப் பார்த்த இந்தியத் தலைவர் யாரும் இல்லை. ஷா நவாஸ் குழு, கோஸ்லா ஆணையம் இரண்டும் விபத்தில் இறந்தார் என்றன. 2005-ல் முகர்ஜி ஆணையம் விபத்தில் இறக்கவில்லை என்றது, அரசு அதை ஏற்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் அவர் உயிரோடு இருக்கிறார் என்று 1950-களில் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அவர் செத்தார் என்பது வெறும் செய்தியாக இருந்திருக்குமா?

இங்கே கதையைத் தாங்கியது பயமோ வெறுப்போ அல்ல, விசுவாசம். “அவர் வருவார்” என்று சொல்கிறவரை அந்தப் படை கலையவில்லை, நாமும் அதில் இருக்கிறோம். நாலாவது கேள்வியில் பார்த்த அதே தேவைதான், இன்னும் கௌரவமான உடையில்.

ஒருத்தரே ரெண்டு எதிரெதிர் கதையையும் நம்புவாராமே?

2012-ல் வந்த ஒரு ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது: இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்பதை நம்புகிறவர்கள், அவர் சாகாமல் ஒளிந்திருக்கிறார் என்பதையும் நம்பும் போக்கு உண்டு என்று. 2023-ல் அதைத் திரும்ப அலசியபோது, இரண்டையும் நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்ததால்தான் கணக்கில் அப்படி ஒரு தொடர்பு தெரிந்தது என்று புரிந்தது. ஆகவே “அவங்க லாஜிக்கே இல்லாதவங்க” என்று இந்த ஆய்வைக் காட்டிப் பேசாதீர்கள். சதிக்கதையை மறுக்கிறவர்களும் தங்களுக்குப் பிடித்த ஆய்வைச் சரிபார்க்காமல் ஃபார்வர்டு செய்கிறார்கள்.

எங்க சித்தப்பா 5ஜி டவராலதான் கொரோனா வந்துச்சுன்னு குரூப்ல போடுறார். நான் என்ன எழுதணும்?

முதலில் குரூப்பில் எழுதாதீர்கள். நாற்பது உறவினர் பார்க்க அவரைத் திருத்தினால் அவர் காப்பாற்ற வேண்டியது 5ஜி கதையை அல்ல, தன் மரியாதையை. தனியாகப் போன் செய்யுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் உண்மையை முதல் வரியில் வையுங்கள், பொய்யை ஒரே ஒருமுறை சொல்லுங்கள், அது எங்கே இடிக்கிறது என்று காட்டுங்கள், உண்மையோடு முடியுங்கள். இப்படி:

“சித்தப்பா, இந்தியாவில் 5ஜி சேவை ஆரம்பிச்சதே 2022 அக்டோபர்லதான். கொரோனா ரெண்டாம் அலை 2021 ஏப்ரல், மே. டவர்தான் காரணம்னு வர்ற மெசேஜ்ல தேதியே பொருந்தல. சோதனைகூட எங்கயும் தொடங்கலன்னு தொலைத்தொடர்புத் துறை அப்பவே சொல்லிச்சு. டவர் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அந்த அலை வந்து போயிடுச்சு.”

“5ஜி டவரால் கொரோனா பரவுகிறதா? பொய்!” என்று தலைப்புப் போட்டுப் பெரிய எழுத்தில் அனுப்பக் கூடாது. திரும்பத் திரும்பக் கேட்டது உண்மைபோலத் தோன்றும் என்பது 1977 முதலே சோதனைகளில் தெரிந்த விஷயம். ஒரு மாதம் கழித்து “பொய்” என்ற சொல் மறந்துபோய், டவர் மட்டும் நினைவில் நிற்கும்.

வந்த வீடியோ உண்மையான்னு வீட்டிலேயே எப்படிப் பார்க்கிறது?

மெசேஜின் மேல் இரட்டை அம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது, அனுப்பியவருக்கே மூலம் தெரியாது. வீடியோவை நிறுத்தி, முகமோ கடைப் பெயரோ வண்டி எண்ணோ தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒன்று போதாது, ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று எடுங்கள். தேதி, இடம், பெயர் மூன்றும் இல்லாத செய்தியை அங்கேயே நிறுத்திவிடலாம். யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்களில் முக்கியச் சொல்லைப் போட்டுத் தேடினால் பழைய கதைகளில் பல அகப்படும்.

2018-ல் இந்தியாவில் குழந்தைக் கடத்தல் பீதியைக் கிளப்பிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசி சில நொடிகளை வெட்டிவிட்டார்கள். அந்தப் பீதி பரவியிருந்த மே மாதத்தில்தான், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்து, வழி கேட்க இறங்கி, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான், 2018 ஜூலையில்.

நேர்ல பேசினா அஞ்சே நிமிஷத்துல சண்டை ஆயிடுது. எங்க சொதப்புறோம்?

பெரும்பாலும் முதல் வாக்கியத்தில். “இதையெல்லாமா நம்புறீங்க?” என்றதும் கதவு சாத்திவிடும். அவர் சொல்வதில் சரியாக இருக்கும் பகுதியை முதலில் எடுங்கள்: மருந்துக் கம்பெனிகள் லாபத்துக்கு அலைகின்றன என்பது பொய்யில்லையே. அடுத்து, அவர் பத்து விஷயம் அடுக்கும்போது பத்துக்கும் பதில் சொல்லப் போகாதீர்கள். “இதில் உங்களுக்கு ரொம்ப உறுதியாத் தோணுறது எது?” என்று கேட்டு ஒன்றை மட்டும் எடுங்கள்.

பிறகு, “பத்துக்கு எவ்வளவு உறுதி?” என்று கேட்டுப் பாருங்கள். ஏழு என்றால், “ஏன் ஏழு?” என்று கேட்காதீர்கள், அது அவரை வாதாட வைக்கும். “ஏன் பத்து இல்லை?” என்று கேளுங்கள். இப்போது சந்தேகத்தை அவரே தன் வாயால் சொல்வார், நீங்கள் சொன்னால் கேட்காத அதே சந்தேகத்தை. அரை மணி நேரம் போதும். அன்றே “ஒத்துக்கிறேன்” என்று வாங்கிவிட நினைத்தால் எல்லாம் போச்சு.

உண்மையைச் சொன்னா இன்னும் பிடிவாதமாயிடுவாங்கன்னு சொல்றாங்களே?

2010-ல் வந்த ஒரு ஆய்வால் அந்த எண்ணம் பரவியது. பிறகு பெரிய அளவில் சோதித்தபோது அப்படி நேர்வது அரிது என்று தெரிந்தது. 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், நம்புகிறவர்கள் தங்கள் காரணங்களை எழுத, ஏஐ அந்தக் காரணங்களுக்கே குறிப்பாகப் பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. ஆகவே உண்மைக்குப் பலம் உண்டு. கேலி இல்லாமல், அவர் கேட்டதற்கே பதில் வந்தது, பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கக் கூட்டமும் இல்லை. சித்தப்பா கேள்வியில் தனியாகப் பேசச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

பேசிப் பிரயோசனமில்லை. உறவை வெட்டிக்கலாமா?

குழந்தைக்குத் தடுப்பூசி போட விடவில்லை, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார், ஒரு சமூகத்தாரைத் தாக்க வேண்டும் என்கிறார் என்றால் உறவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. மருத்துவரையோ போலீஸையோ கூப்பிட வேண்டிய இடம் அது. மற்றபடி, வெட்டிக்கொண்டால் அவருக்கு மிச்சமிருப்பது அந்தக் கூட்டம் மட்டும்தான். தலைப்புக்கு எல்லை போடலாம்: “சித்தப்பா, சாப்பாட்டு நேரத்தில் இது வேண்டாம்.” ஆளுக்கு எல்லை போட வேண்டாம்.

அவரே “விட்டுட்டேன்”னு சொன்னா என்ன செய்யணும்?

“நான் அப்பவே சொன்னேன்ல” என்பதை விழுங்கிவிடுங்கள். அண்டார்டிகா போய் வந்தவருக்கு அவருடைய கூட்டம் செய்ததை நம் வீட்டிலும் செய்யக் கூடாது. பழைய ஃபார்வர்டுகளைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம்.

அந்த குரூப்புகளிலிருந்து விலகியவருக்குக் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை போன் சும்மா கிடக்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் கஷ்டம். பேரப்பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றும் பொறுப்போ, மாடித் தோட்டமோ, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகக் கணக்கோ, அவர் இல்லாமல் நடக்காத ஒரு வேலையை அந்த நேரத்தில் கொடுங்கள்.